கரன்ட்டிலும் ஓடாது, பெட்ரோலிலும் ஓடாது

அந்த வண்டியை வாங்கிக்கொண்டு போக ஆள் வந்த அன்று, பாயசம் வைக்கலாமா என்று என் மனைவி கேட்டாள். கிண்டலுக்குத்தான் கேட்டாள். நான் நிஜமாகவே வைக்கச் சொல்லிவிட்டேன். ஒரு பொருளை விற்றதற்காகப் பாயசம் வைத்த குடும்பம் பாகூர் கொம்யூன் பஞ்சாயத்திலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும்.

பழைய கார்தான், ஆனால் பெரிய இடத்து வண்டி. வீட்டில் பிளக் போட்டு சார்ஜ் ஏற்றிக்கொண்டால் புதுச்சேரிக்குப் போக சொட்டு பெட்ரோல் வேண்டாம். சார்ஜ் தீர்ந்தால் எஞ்சின் தானாக எடுத்துக்கொள்ளும். சென்னையில் அதை எனக்கு விற்றவர், "ரெண்டு இருக்கு சார், நிக்கவே நிக்காது" என்றார். பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற எனக்கும் அந்தக் கணக்கு சரியாகவே பட்டது. ஒன்று கோபித்துக்கொண்டால் மற்றதும் சேர்ந்து கோபித்துக்கொள்ளும் என்று அவர் சொல்லவில்லை.

வந்த வாரமே சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்தது. எலக்ட்ரீஷியன் வந்து பார்த்து, எர்த் சரியில்லை என்றார். வீட்டுக்குப் பின்னால் குழி வெட்டி, கரியும் உப்பும் கொட்டிக் குழாயை இறக்கினார். குழி காயக்கூடாது, தினமும் தண்ணீர் ஊற்றுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று முதல் சாயங்காலமானால் நான் பக்கெட்டும் கையுமாகக் கொல்லைப்பக்கம் போவேன். பக்கத்து வீட்டுக்காரர் நெல் பயிரிடுகிறவர். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "இன்னா சார், வண்டிக்குத் தண்ணி பாய்ச்சுறீங்களா? எப்ப அறுப்பு?" என்று கேட்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் ஊற்றிவிட்டுத்தான் வருவேன்.

குழி ஈரமாக இருந்தால் மட்டும் வண்டி அடங்கிவிடுமா என்ன? சில நாள் சார்ஜ் கேபிள் உள்ளே சிக்கிக்கொண்டு வராது. கேபிள் வராவிட்டால் வண்டி நகராது. கட்டுத்தறியில் கட்டிய மாடு மாதிரி வாசலிலேயே நிற்கும். சில நாள் ஓடிக்கொண்டிருக்கும்போதே திரையில் ஆமைப் படம் ஒன்று வரும். உடனே வேகம் குறைந்து, சைக்கிள்காரர்கள் எங்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே தாண்டிப் போவார்கள். மெக்கானிக்கைக் கூப்பிட்டால், இதைத் தொடமாட்டேன், சென்னைக்குத்தான் கொண்டுபோகணும் என்று கையைக் கட்டிக்கொள்வார். சென்னையில் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்து, ஒன்றுமில்லை சார் என்று அனுப்புவார்கள். ஊர் வந்து சேர்ந்ததும் ஆமையும் வந்து சேரும்.

இதையெல்லாம் ஒரு மாதிரி சகித்துக்கொண்டிருந்தபோதுதான் அக்காவுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. எனக்கு மூத்தவள், மண்ணாடிப்பட்டில் வாழ்க்கைப்பட்டவள். மார்பில் கட்டி. ஆபரேஷனும், தலைமுடியையே கொட்டவைத்த மருந்து ஊசிகளும் முடிந்து, அடுத்ததாகப் பல வாரங்களுக்குக் கரன்ட் வைக்க வேண்டும் என்றார்கள். கதிர் சிகிச்சையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். ஞாயிறும் லீவு நாளும் தவிர தினம் காலையில் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இடையில் ஒரு நாள்கூட விடக்கூடாது என்று டாக்டர் அழுத்திச் சொன்னார். மாமா கரும்பையும் மாடுகளையும் விட்டு வர முடியாத நிலை. "நீ என் வீட்டுக்கு வந்துடுக்கா. நான் இருக்கேன், வண்டி இருக்கு" என்று பெரிய மனுஷனாட்டம் சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகுதான் வண்டியின் குணம் நினைவுக்கு வந்தது. வண்டி நின்று ஒரு நாள் விட்டுப்போய், அதனால் நோய் திரும்ப வந்தால் நான் என்ன செய்வேன்? தேவைக்கு மேல் ஒரு மணி நேரம் முன்னாலேயே கிளம்புவோம். தெரிந்த ஆட்டோக்காரரின் நம்பரை போனில் முதலாவதாக வைத்திருந்தேன். போகிற வழியில் நான் சாலையைப் பார்த்ததைவிடத் திரையைப் பார்த்ததுதான் அதிகம். பக்கத்தில் அக்காவும் அதையேதான் பார்த்துக்கொண்டு வருவாள். அவளுக்குப் படிப்பு குறைவு, ஆனால் படம் தெரியுமே. "ஆம வந்துடுச்சிடா" என்பாள் பயந்த குரலில். ஆமை வந்தாலே ஆகாது என்று நினைக்கிறவள் அவள். மற்றபடி நாங்கள் எதுவும் பேசிக்கொள்ள மாட்டோம். நோயைப் பற்றிப் பேச அவளுக்கு விருப்பமில்லை போலிருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

அந்த வாரங்களின் நடுவில் ஆயுத பூசை வந்தது. உடம்பில் தெம்பில்லை, கழுத்துக்குக் கீழே தோல் கறுத்து எரிகிறது. ஆனாலும் அக்கா, வண்டிக்கு நான்தான் பொட்டு வைப்பேன் என்று பிடிவாதம் பிடித்தாள். சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு வந்து விளக்கு, கண்ணாடி, முன்னால் இருந்த கேமரா எல்லாவற்றுக்கும் வைத்தாள். பிறகு சார்ஜ் போடும் மூடியைத் திறக்கச் சொன்னாள்.

"அதுக்கு வேணாங்க்கா."

"சாப்புடுற வாயிடா அது. அதுக்கு வெக்காம வுடுவாங்களா?"

உள்ளே சந்தனம், அதன்மேல் குங்குமம், ஒரு சாமந்தி இதழ். கையெடுத்துக் கும்பிட்டாள். நான் சிரித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளைத் தடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அன்று சாயங்காலம் சார்ஜரில் மறுபடி சிவப்பு விளக்கு. எர்த்தாகத்தான் இருக்கும் என்று குழியில் இன்னும் நாலு பக்கெட் ஊற்றினேன். லீவு முடிந்த மறுநாள் காலையில், பெட்ரோல் இருக்கிறதே என்ற தைரியத்தில் கிளம்பினோம். தவளக்குப்பம் சந்திப்பில், ஆபீஸ் போகிறவர்களின் கூட்டத்துக்கு நடுவே, வண்டி நின்றது. அன்று ஆமைகூட வரவில்லை. திரையே இருண்டுவிட்டது. பின்னால் கடலூர் பஸ் ஹாரன் அடிக்க, மோட்டார் சைக்கிள்காரர்கள் திட்ட, நான் போனை எடுத்தேன். ஆட்டோக்காரரைக் கூப்பிட்டேன். அவர் வில்லியனூரில் இருந்தார். அவர் வந்து சேர்வதற்குள் ஆஸ்பத்திரியில் எங்கள் முறை போய்விடும்.

அக்கா கதவைத் திறந்து இறங்கினாள். பின்னால் நின்ற பஸ்ஸின் கண்டக்டரைப் பார்த்து, "எப்பா, ஆஸ்பத்திரிக்குப் போவணும், ஏத்திக்கோ" என்றாள். அவர் கதவைத் திறந்துவிட்டார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி விழித்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாடா பாக்குற? அது எங்க போவப் போவுது? வா!"

டீக்கடை ஆட்கள் வண்டியை ஓரம் தள்ளித் தர, ஓடிப்போய் ஏறினேன். மீன் விற்கப் போகிற ஒரு அம்மா அக்காவின் தலைத்துணியைப் பார்த்துவிட்டு எழுந்து ஜன்னலோர இடத்தைக் கொடுத்தார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பார்க்கத் திரை எதுவும் இல்லை. பஸ் நின்றால் அது டிரைவரின் கவலை. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அப்படி ஒரு நிம்மதி எனக்கு. பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஆட்டோ பிடித்து நாங்கள் உள்ளே நுழைந்தபோது அக்காவின் பேரை இன்னும் கூப்பிட்டிருக்கவில்லை.

சார்ஜ் போடும் இடத்தில் ஈரம் இறங்கிவிட்டது என்று சென்னைக்காரர்கள் சொன்னார்கள். சந்தனத்தின் மேல் பழி போட நான் தயாரில்லை. சந்தனம் வைப்பதற்கு முன்னால் மட்டும் அது ஒழுங்காகவா ஓடியது? வாங்க ஆள் இருந்தால் வீட்டுக்கு அனுப்புங்கள் என்று அங்கேயே சொல்லிவிட்டு வந்தேன். மிச்சமிருந்த நாளெல்லாம் பாகூரிலிருந்து டவுன் பஸ்ஸில் போனோம். ஒரு நாள்கூட விட்டுப்போகவில்லை. அக்கா ஊருக்குத் திரும்பிப் போனாள்.

சில மாதம் கழித்து ஸ்கேன் எடுத்தார்கள். முடிவைக் கேட்க நானும் கூடப் போனேன். டாக்டர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுத்தமாக இருக்கிறது, இனி ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்றார். வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்ததும் அக்கா நீளமாக மூச்சு விட்டாள்.

"ஒன்னு சொல்லட்டா? அந்த வண்டி அன்னிக்கு நின்னுதே, அது எனக்கு நல்லதாப் போச்சிடா."

"ஏங்க்கா?"

"அதுல ஏறுனா, முருகா, இது நிக்காம போயி சேரணும், என் தம்பி மொகம் சுருங்கக் கூடாதுன்னு வழியெல்லாம் வேண்டிக்கினே வருவேன். அதுக்குள்ள ஆஸ்பத்திரி வந்துடும். எனக்கு நல்லாவணும்னு கேக்க நேரமே இருக்காது. பஸ்ல ஏறுன அன்னிக்குத்தான் மொத மொதல்ல எனக்காக வேண்டிக்கினேன்."

நோய்க்குப் பயந்துதான் அவள் பேசாமல் வருகிறாள் என்று அத்தனை நாளும் நினைத்திருந்தேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். பஸ் வந்தது.

"ஏறுடா. இன்னிக்கு ஜன்னலோரம் நீ குந்து" என்றாள்.