மோட்டாரை நிறுத்துவதற்கு முன்

திருவொற்றியூரில் எங்கள் சோதனை அறையின் இரும்பு பீரோக் கதவில் ஒரு சாக்பீஸ் படம் இருக்கிறது. கீழே ஒரு மோட்டார், அதிலிருந்து மேலேறும் பைப்பு, மாடிக்கு ஒரு குழாய். துடைக்க வருகிறவர்களை விரட்டிவிடுவேன். வரைந்தவர் எங்கள் டெஸ்டிங் அக்கா.

துறைமுக வாசலில் லாரிகளை எடைபோட்டுப் படம்பிடிக்கும் கணினிப் பெட்டி எங்களுடையது. அதன் இயங்குதளமும் நாங்களே எழுதியது என்பதில் எனக்கு அப்படியொரு திமிர். ஆனால் அப்போதெல்லாம், மின்சாரம் மிச்சம்பிடிக்கப் பெட்டி ஒருமுறை தூங்கி எழுந்தால் கேமராவும் எடைக்கருவியும் அதன் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். அந்தப் படம் வரைந்த அன்று மூன்று மணிக்கு வாடிக்கையாளர் வருவதாக இருந்தது. அன்றும் சொதப்பினால் வேறு இயங்குதளத்தை வாங்கிக்கொள்வார், எங்கள் ஐந்து பேர் குழு கலைந்துவிடும். பயத்தில் காலையிலிருந்து எல்லோர் மீதும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன்.

அக்கா புரோகிராம் எழுதுகிறவர் அல்ல, பெட்டியை ஓட்டிப் பார்த்துக் குறை சொல்கிறவர். என் திரையை எட்டிப் பார்த்தார். கேமரா, எடைக்கருவி, அவை கணினியோடு பேசுவதற்கு வழிவிடும் ஹோஸ்ட் கண்ட்ரோலர் என்னும் சில்லு, எல்லாவற்றையும் ஒரே வரிசையில் எழுதிவைத்திருந்தேன்.

“இன்னாபா, அல்லாம் ஒரே லைன்ல நிக்குது? எது வழியா எது வருதுன்னு மெசினுக்கு எப்டித் தெரியும்?” என்றவர் சாக்பீஸை எடுத்து பீரோக் கதவில் மோட்டாரும் மாடிக் குழாய்களும் வரைந்தார். வியாசர்பாடியில் அவர் பிளாக்கில் தண்ணீர் மோட்டார் போடுவது அந்த மாதம் அவர் முறை. “நிறுத்தறதுக்கு முன்னாடி மாடி மாடியா கொரல் குடுப்பேன். அல்லாரும் கொயாவ மூடினப்புறம்தான் ஆஃப். போடும்போது மோட்டார் முன்னாடி, கொயா பின்னாடி. நீ கொயாவ தொறந்து வெச்சுகினே மோட்டார நிறுத்திகினு கீற!”

அட மடையா என்று என்னையே திட்டிக்கொண்டேன். கேமரா பேசிக்கொண்டிருக்கும்போதே கண்ட்ரோலர் தூங்கப் போயிருக்கிறது. உட்கார்ந்து மாற்றினேன். கண்ட்ரோலருக்குக் கீழே பஸ் என்னும் பொதுத்தடம், அந்தத் தடத்துக்குக் கீழே கேமராவும் எடைக்கருவியும். தூங்கும்போது பிள்ளைகள் முதலில், எழும்போது தாய் முதலில் என்ற முறை இயங்குதளத்துக்கு முன்பே தெரியும். யார் யாருக்குப் பிள்ளை என்பதைத்தான் நான் சொல்லவே இல்லை.

மூன்று மணிக்கு வாடிக்கையாளர் தானே பொத்தானை அழுத்தித் தூங்கவைத்தார், எழுப்பினார். சந்தேகம் தீராமல் மறுபடி மறுபடி அழுத்தினார். ஒவ்வொரு முறையும் லாரியின் படமும் எடையும் பளிச்சென்று வந்தன. அக்கா விசிலடித்தே விட்டார். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது, வெட்கப்படவில்லை.

அக்கா இப்போது எண்ணூர் பிரிவில் சோதனைத் தலைவி. நேற்று புதிய பெட்டியைத் தூங்கவைக்கப் பொத்தானில் விரலை வைத்தேன். ஸ்பீக்கரில் போட்டிருந்த ஃபோனில் அவர் குரல்: “கொயா மூடியாச்சா?”

பீரோக் கதவைப் பார்த்தேன். “மூடியாச்சுக்கா!” என்று அறையிலிருந்த எல்லோரும் கத்தினோம்.