அவர் கேட்ட பயினி

காலையில பல்லு தேய்க்கப் போன எங்க வீட்டுக்காரர் வாளி மேலேயே சரிஞ்சு விழுந்தாரு. வலது கை அசையலை, வாய் கோணி பேச்சும் நின்னுட்டு. திசையன்விளையில காரைப் பிடிச்சு திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம். ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி போட்டாவ. "நேரத்துக்குக் கொண்டாந்துட்டீங்க"ன்னாரு டாக்டர். அத்தோட கண்டம் கழிஞ்சுதுன்னு நான் பாவி நினைச்சேன்.

அன்னைக்கே இதே வாதத்தோட பக்கத்துக் கட்டிலுக்கு வந்த சாத்தான்குளத்து அண்ணாச்சி பத்தாம் நாள் சுவரைப் பிடிச்சு நடந்தாரு. இவருக்கு எந்திரிச்சு உக்காரவே முடியலை. எனக்கு ஆத்திரம். "ஒரே ஊசிதானே? இவருக்கு மட்டும் பச்சத்தண்ணியையா ஏத்துனிய?"ன்னு கேட்டுட்டேன். டாக்டர் கோவப்படலை. "அடைப்பு நீங்கிட்டும்மா. ஆனா கிட்னி கெட்ட உடம்பு பையத்தான் தேறும். சில பேரு முழுசாத் தேறாமலும் போவாங்க"ன்னாரு.

வாழைக்காய் மண்டியில சுமை தூக்கி, முதுகுவலிக்கு மாத்திரையை மிட்டாயாத் தின்னு கெடுத்த கிட்னி அது. வாரத்துல மூணு நாள் டயாலிசிஸ். அன்னைக்கெல்லாம் பிழிஞ்சுபோட்ட துணியாக் கிடப்பாரு. மறுநாள் பயிற்சி குடுக்க வார பொண்ணு, "அப்பா, காலைத் தூக்குங்க"ன்னு கெஞ்சும். தூக்கத் தெம்பு இருக்காது.

வீட்டுக்குக் கூட்டியாந்த பொறவும் தண்ணி அளந்துதான் குடுக்கணும். பழம் கூடாது, இளநி கூடவே கூடாது, ரத்தத்துல பொட்டாசியம் ஏறிரும்னு சொல்லியிருந்தாவ. பார்க்க வந்த சொந்தமெல்லாம் இளநியோடதான் வந்துது. வாசல்லயே திருப்பி அனுப்புனேன். புருசனுக்கு ஒரு வாய் தண்ணி குடுக்காத அரக்கின்னு பேரு வாங்குனேன். பேசிட்டுப் போறாவ. அவரு வாயில இருந்து ஒரு வார்த்தை வந்தாப் போதும், எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்.

ரெண்டு மாசம் கழிச்சு வந்துது. பங்குனி வெயில். தெருவுல பதநீர் விக்கிற பயினிக்காரரு சைக்கிள் மணியை அடிச்சுட்டுப் போனாரு. இவரு உதடு துடிச்சுது. "ப... பயினி."

அவரு அக்கா, எங்க மைனி, அழுதுக்கிட்டே செம்பை எடுத்தா. நான் கையைப் பிடிச்சேன்.

"ஏட்டி, இளநிதானே கூடாதுன்னாவ? பயினி பனையில இறக்குனது. சூடு தணியும், நீரு நல்லாப் போவும்."

எங்க பக்கம் நீர்க்கடுப்புக்கு அதுதான் மருந்து. எனக்கும் சரின்னுதான் பட்டுது. டாக்டருக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். வேண்டாம்னு சொல்லிருவாவளோன்னு பயந்து போடலை. மைனி செம்பு நிறைய வாங்கியாந்த பயினி முழுசையும் நானே புகட்டுனேன். இடது கையால என் கன்னத்தைத் தொட்டு "இன்னும்"னாரு. மைனி மறுபடியும் ஓடுனா.

சாயங்காலம் அவருக்கு நெஞ்சு படபடத்துக் கண்ணு சொருகிட்டு, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனோம். ரத்தத்துல பொட்டாசியம் ஏறி இதயம் நின்னு நின்னு ஓடுதுன்னாவ. "என்ன குடுத்தீங்க?"ன்னு டாக்டர் கேட்டாரு. நான்தான் சொன்னேன்.

உயிரை மீட்டுக் குடுத்துட்டாவ. பேச்சு திரும்பலை. இடது கையும் முன்னப்போல எழும்பலை.

இப்பவும் பயினிக்காரரு வாராரு. மணிச் சத்தம் கேட்டதும் இவரு என்னைப் பார்த்து உதட்டை அசைப்பாரு. சத்தம் வராது. என்ன கேக்காருன்னு எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி துணி மடிச்சிட்டு இருப்பேன்.