சந்துக்குள் இறங்கிய படிக்கட்டு

ஈரச் சிமெண்டு வாசனை அப்போது எனக்கு ரொம்பப் பிடிக்கும்... எதிர்வீட்டில் மாடி கட்டிய அந்த மாதங்களில் எங்கள் சந்து முழுக்க அந்த வாசனைதான்.

திருச்சியில், மலைக்கோட்டைக்குப் பக்கத்தில் இருந்த சந்து அது. அறுபதுகளின் தொடக்கம். எனக்குப் பத்து வயது இருக்கும். ஸ்ரீரங்கத்திலிருந்து அத்தை வந்தால் குதிரை வண்டி எங்கள் வாசலிலேயே வந்து நிற்கும். சந்தின் அகலம் அவ்வளவுதான், ஒரு வண்டிக்குச் சரியாக இருக்கும்.

எதிர்வீட்டுக்காரருக்குச் சின்னக்கடை வீதியில் ஜவுளிக்கடை. மகனுக்குக் கல்யாணம் வைத்திருந்தார், அதற்காக மாடி. வீட்டுக்குள் இடம் போதாமல் படிக்கட்டைச் சந்திலேயே இறக்கிவிட்டார்.

அப்பா ரயில்வேயில் ஃபிட்டர். சண்டை போடத் தெரியாத மனிதர். லீவு போட்டுவிட்டு முனிசிபாலிட்டிக்குப் போய்ப் புகார் கொடுத்தார். "வந்து பாக்கறோம்னாங்க" என்று ஒவ்வொரு தடவையும் வந்து சொல்வார்.

அம்மா அப்போது நிறைமாதம். "வண்டி உள்ள வராதே... அன்னைக்கு என்ன பண்றது?" என்பாள்.

ஒரு மத்தியானம் வலி கண்டுவிட்டது. அப்பா வேலையில் இருந்தார். வண்டி சந்து முனையிலேயே நின்றுவிட்டது. அக்கம்பக்கத்தார் அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கினார்கள். இரண்டு பக்கமும் ஆள் பிடித்த நாற்காலி, படிக்கட்டுக்கும் சுவருக்கும் நடுவே நுழையவில்லை. முனையில் கொட்டகை போட்டுப் பூ விற்ற ரெங்காயி ஓடிவந்து அம்மாவைத் தாங்கிக்கொண்டாள்.

"என் மேல சாஞ்சுக்கங்க... இன்னும் கொஞ்ச தூரந்தான்."

அம்மா அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்க ரொம்ப நேரமாயிற்று.

தம்பி பிறந்தான்...
அழவே இல்லை.

"கொஞ்சம் முன்னாடியே கூட்டிட்டு வந்திருக்கலாமே" என்றார் டாக்டரம்மா. தாமதத்தால்தான் போனானா என்று அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அப்பா மறுபடி முனிசிபாலிட்டிக்குப் போனார். இந்த முறை ஆபீஸிலேயே அழுதுவிட்டாராம். சில நாளில் இன்ஸ்பெக்டர் ஆட்களோடு வந்து, டேப் பிடித்துப் படிக்கட்டை அளந்தார். படுத்திருந்த அம்மா தலையைத் தூக்கி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். இடித்துவிடுவார்கள் என்று நினைத்தோம்.

இடித்தார்கள்... ரெங்காயியின் கொட்டகையை. திரும்பிப் போகிற வழியில், போகிறபோக்கில். "சாமி, சாமி, பூவையாவது எடுத்துக்கறேன்" என்று அவள் கதறியது எங்கள் வீடு வரை கேட்டது.

அப்பா ஆபீஸுக்கு ஓடினார். அங்கே குமாஸ்தாவும் தானும் பேசியதைச் சாயங்காலம் அம்மாவிடம் அப்படியே சொன்னார்.

"படிக்கட்டையும் சேத்து வரி போட்டாச்சுங்க. இனிமே அதை ஆக்கிரமிப்புன்னு சொல்ல முடியாது."

"அளந்தது இடிக்கறதுக்குன்னு நினைச்சேங்க."

"நீங்க புகார் கொடுத்ததாலதான் அளந்தோம். இல்லேன்னா எங்களுக்குத் தெரியவே தெரியாதே."

எதிர்வீட்டுக்காரரைக் கெட்டவர் என்றும் சொல்ல முடியாது. தம்பி போனதைக் கேட்டு வந்து வெகுநேரம் வாசலில் நின்றார். அப்பா கதவைத் திறக்கவில்லை. ஆனால் படிக்கட்டை அவர் எடுக்கவும் இல்லை.

ரெங்காயி பிறகு கூடையோடு தெருத்தெருவாக அலைந்தாள். எங்கள் சந்துக்குள் மட்டும் வரமாட்டாள்.

அப்பா அதற்குப் பிறகு எதற்குமே புகார் கொடுத்ததில்லை. குழாயில் தண்ணீர் நின்றபோதும், சாக்கடை பொங்கி வாசலுக்கு வந்தபோதும்... "வேணாம். யார் தலையில போய் விழும்னு தெரியாது" என்பார்.

நான் இப்போது ஸ்ரீரங்கத்தில் ஒரு அபார்ட்மெண்டில் இருக்கிறேன். பக்கத்து மனையில் எங்கள் சுவரை ஒட்டியே கட்டுகிறார்கள். பகலிலும் படுக்கையறையில் லைட் போடவேண்டியிருக்கிறது. மகள் போனிலேயே மாநகராட்சிக்குப் புகார் பதிவு செய்தாள். இரண்டே நாளில் மெசேஜ் வந்துவிட்டது, தங்கள் புகாருக்குத் தீர்வு காணப்பட்டது என்று.

ஜன்னலைத் திறந்து பார்த்தேன். அடுத்த மாடிக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அப்பாவுக்கு எதிரே ஒரு குமாஸ்தாவாவது உட்கார்ந்திருந்தார். நானும் விடாமல், "இன்னும் கட்டிக்கிட்டுத்தாங்க இருக்காங்க" என்று பதில் எழுதி அனுப்பினேன்.

அந்த நம்பருக்குப் பதில் போகாதாம்...