ரெண்டு நாள் என்று சொன்ன டீச்சர்

துறைமுகத்தில் அவரை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியதில்லை. வெளிநாட்டுச் சரக்கு வரவழைக்கும் சின்ன வியாபாரிகளுக்காகச் சுங்க அலுவலகத்தில் காகிதங்களைக் காட்டி, பெட்டிகளை வெளியே எடுத்துக் கொடுக்கும் ஏஜென்ட் அவர். எந்தப் படிவத்தையும் மூன்று தடவை பார்த்துச் சிவப்பு மையில் சுழிப்பதால் வந்த பட்டப்பெயர். ஊர் அதைக் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தது. வெறும் பயம் என்று அவருக்குத் தெரியும். ஓர் எண் பிசகினாலும் லைசென்ஸ் போய்விடும் என்ற நடுக்கத்திலேயே பத்தொன்பது வருஷத்தை ஓட்டியவர்.

அப்படிப்பட்டவரைப் போய் ஆலோசனைக் குழுவில் போட்டார்கள். விதிகளை மாற்றுவதற்கு முன் தொழில் செய்கிறவர்களிடம் கருத்துக் கேட்க அரசாங்கம் அமைத்த குழு. பெரிய கம்பெனிகளின் சார்பில் கோட்டு போட்ட மேனேஜர்கள் நாலு பேர். சின்ன ஏஜென்ட்டுகளுக்காக டீச்சரும் இன்னும் மூன்று பேரும். தலைமை நாற்காலியில் சுங்க அதிகாரி. இந்தச் சின்ன ஏஜென்ட்டுகள் நாலு பேருடைய லைசென்ஸையும் வருஷா வருஷம் புதுப்பித்துக் கையெழுத்துப் போடுகிறவரும் அவரேதான். இந்த லட்சணத்தில் மனம் திறந்து பேசச் சொன்னார்கள்.

முதல் கூட்டத்தில், சரக்கு இறங்கினால் வெளியே எடுக்க எத்தனை நாள் ஆகிறது என்று அதிகாரி டீச்சரைப் பார்த்துக் கேட்டார். நிஜத்தில் ஒன்பது நாள். சோதனைக்கு ஆள் வரவே நாலு நாள் போய்விடும். ஆனால் முகத்துக்கு நேரே அதைச் சொன்னால் அவர் அலுவலகத்தையே குறை சொன்ன மாதிரி. டீச்சர் இரண்டு நாள் என்றார். மற்ற மூவரும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினார்கள். மேனேஜர்களும் ஆமோதித்தார்கள். அவர்களுடைய பெட்டிகளுக்குத்தான் சோதனையே கிடையாதே, காலையில் இறங்கினால் மத்தியானம் வெளியே.

ஆறு வாரம் கழித்துப் புது விதியின் வரைவு தபாலில் வந்தது. இரண்டு நாளில் எடுக்காத சரக்கு மூன்றாம் நாள் ஏலத்துக்குப் போகும். கீழே, 'சிறு ஏஜென்ட்டுகளின் ஆலோசனைப்படி' என்று ஒரு வரி. காது கேட்கும் கருவி விற்கும் தம்பதி, தையல் மெஷின் பாகங்கள் வரவழைக்கும் பெரியவர், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் சொந்த நாத்தனார், எல்லார் பெட்டியும் ஏலத்தில். அவர்களுக்காகப் பேசப் போனவரின் வாயாலேயே.

எல்லாவற்றையும் புருஷனிடம் கொட்டினார். இப்போது மாற்றிச் சொன்னால் பொய் சொன்னதாக எழுதி லைசென்ஸைப் பிடுங்கிவிடுவார்கள், வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளாதே என்றார் அவர். அதில் தப்பு ஒன்றும் இல்லை. டீச்சருக்கும் அதே பயம்தான்.

இரண்டாவது கூட்டம் வெறும் சம்பிரதாயம். அதிகாரி கையெழுத்துப் போட்டால் விதி மேலே போய்விடும். அவர் பேனா மூடியைக் கழற்றியபோது டீச்சர் எழுந்து நின்றிருந்தார். எப்போது எழுந்தோம் என்று அவருக்கே தெரியவில்லை.

"ரெண்டு நாள் இல்ல சார். ஒன்பது நாள் ஆகுது."

அதிகாரி நிமிர்ந்தார். "அப்போ ஏன் ரெண்டுன்னு சொன்னீங்க?"

"பயத்துல சொல்லிட்டேன் சார்."

"யாருக்குப் பயந்து?"

"உங்களுக்குத்தான் சார்."

ஒரு மேனேஜர் இருமினார். அதிகாரி மற்ற மூன்று ஏஜென்ட்டுகளின் பக்கம் திரும்பி, உங்களுக்கு எத்தனை நாள் என்று கேட்டார். மூவரும் மேஜையைப் பார்த்தார்கள். கடைசியில் ஒருவர், "எங்களுக்கு ரெண்டு நாள்தான் சார்" என்றார். டீச்சருக்கு அவர்கள் மேல் கோபமே வரவில்லை. அந்தக் குனிந்த தலை எப்படிக் கனக்கும் என்பது அவருக்குத் தெரியாதா?

அதிகாரி அந்த மூன்று தலைகளையும் பார்த்துவிட்டு டீச்சரிடம் திரும்பினார்.

"இவங்களும் உங்கள மாதிரிதானா?"

ஆமாம் என்றால் அந்த மூவரையும் மாட்டிவிட்டதாகும். இல்லை என்றால் எல்லோரும் போனோம்.

"ஆமா சார்."

அவர் கையெழுத்துப் போடாமலே பேனாவை மூடினார். கோப்பையும் மூடினார். பிறகு என்ன நினைத்தாரோ, பேனாவை மறுபடி திறந்து, கோப்பின் அட்டைமேல் வைத்தபடி டீச்சரின் லைசென்ஸ் எண்ணைக் கேட்டார்.

எதற்கு என்று கேட்க டீச்சருக்குத் தைரியம் வரவில்லை. பத்து இலக்கம். நின்றபடியே, ஒன்றுகூடப் பிசகாமல் சொன்னார்.