அக்காவிடம் சம்மதம் கேட்ட நாள்

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. கடலூரில் ஒரு பத்திரிகைக்குச் செய்தி எழுதிப் பிழைத்தவள் நான். வேப்பமரத்தில் பால் வடிகிறது, சிலை கண் திறந்தது என்று ஃபோன் வந்தால் நேரில் போய்ப் பார்த்து, ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டு வருவேன். நான் சொல்லப்போவதை நீங்களும் அதே முகத்தோடுதான் கேட்பீர்கள். கேளுங்கள், என் கோபம் உங்கள் மேல் இல்லை.

2009. என் அக்கா செல்வி மஞ்சள் காமாலையில் இறந்து வருஷம்கூடத் திரும்பவில்லை. அதற்குள் சிதம்பரத்தில் அவள் கணவருக்கு, நான் மாமா என்று கூப்பிடுகிறவருக்கு, குறிஞ்சிப்பாடியில் பெண் பார்த்துவிட்டார்கள். காதலித்துக் கட்டியவர். அஸ்தி கரைத்த அன்று தேவனாம்பட்டினம் கடலுக்குள் அவர் நடந்துகொண்டே போக, நாலு பேர் சேர்ந்து இழுத்து வந்தோம். அதே மனிதர்தான்.

எங்கள் பக்கத்தில் சுமங்கலியாகப் போனவளைப் பூவாடைக்காரி என்பார்கள். வீட்டில் கல்யாணம் என்றால் முதலில் அவளுக்குப் புதுச் சேலை வைத்துப் படைத்து, பம்பை அடித்துக் கூப்பிடுவார்கள், அவள் யார் மேலாவது வந்து சம்மதம் சொல்ல வேண்டும். புருஷனின் இரண்டாம் கல்யாணத்துக்குச் செத்தவளிடமே அனுமதி! அந்தச் சேலை பிறந்த வீட்டிலிருந்து வர வேண்டுமாம். எங்கள் வீட்டில் மிச்சம் இருந்தது நான் ஒருத்திதான்.

சேலையோடு பஸ் ஏறினேன், சம்மதிக்க அல்ல. போனதும் பம்பைக்காரரைப் பிடித்துக்கொண்டேன்.

“அண்ணே, அவ வரலன்னா?”

“வராம எங்கம்மா போவப் போறா?”

“வரலன்னா என்னான்னு கேக்கறேன்.”

“சம்மதமில்லன்னு அர்த்தம். கல்யாணம் கெடையாது.”

இதை மாமாவும் அவர் அம்மாவும் கேட்கும்படி இன்னொரு தடவை சொல்லவைத்தேன். செத்தவர்கள் வர மாட்டார்கள், ஆகவே கல்யாணம் நின்றுவிடும். என் கணக்கு அவ்வளவுதான்.

மாமா தலையைத் தூக்காமலே, “ஒத்தையில இருக்க முடியல வசந்தி,” என்றார்.

“அவ மட்டும் ஒத்தையில இருக்கலாமா மாமா?” என்றேன்.

பட்டப்பகல். கிணற்றுத் தண்ணீரில்தான் அவளை அழைப்பது வழக்கம். கிணறு இல்லாத தெரு, போர் பைப்பில் பிடித்த தண்ணீரைத்தான் கலசத்தில் ஊற்றினார்கள். பெண் வீட்டார் வீடியோக்காரர் ஒருவரையும் கூட்டி வந்திருந்தார்கள். “இதுக்குமா வீடியோ?” என்று சண்டை போட்டேன். “கோவப்படாதீங்கக்கா, ஒங்களுக்கும் ஒரு சிடி தர்றேன்,” என்றார் அவர்.

பம்பை ஆரம்பித்தது. அக்காவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். நான் சுவரில் சாய்ந்து, நடிக்கப் போவது யார் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவரை நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அடுத்த ஞாபகம், முகத்தில் தண்ணீர். நான் கொண்டுபோன சேலை என் மேலேயே சுற்றியிருந்தது. மாமாவின் அம்மா அழுகையும் சிரிப்புமாக, “சரின்னுட்டாம்மா,” என்றார்.

“யாரு அத்தை?”

“ஒங்கக்காதான். ஒம் மேலதான் வந்தா.”

நம்பினால் நம்புங்கள், எனக்குப் பயமே வரவில்லை, கொதிப்புத்தான் வந்தது. மறுக்கப் போனவளின் வாயிலிருந்தே சம்மதம் வாங்கிவிட்டார்கள்! என் வாயை எடுத்துக்கொள்ள யாருக்கு என்ன உரிமை, கூடப் பிறந்தவளாகவே இருக்கட்டுமே? வெறும் வயிறு, சாம்பிராணிப் புகை, பம்பைச் சத்தம், துக்கம் என்று ஒரு டாக்டர் பிற்பாடு விளக்கம் சொன்னார், அது எனக்கே தெரியும். கல்யாணம் நடந்தது. நான் போகவில்லை.

சிடியை ரொம்ப நாள் கழித்துத்தான் போட்டேன், பொய்யைப் பிடிக்கிற கண்ணோடு. சுவரை விட்டு நகர்கிறேன். சேலையை எடுத்து முகர்ந்து பார்க்கிறேன். மாமாவின் தலையில் கை வைத்து, “சாப்புடறதே இல்லியா நீ? கட்டிக்க. ஒத்தையில கெடக்காத,” என்கிறேன். குரல் என்னுடையதுதான், அதில் மாற்றமில்லை. ஆனால் மாமாவை நான் ஒருநாளும் நீ என்றதில்லை.

சரி, இதற்கும் டாக்டரின் விளக்கம் போதும். அதற்கப்புறம் அவள் கூட்டத்தில் ஒவ்வொருவராகத் தேடுகிறாள்.

“வசந்தி எங்க? சேல வந்திருக்கு, அவ வரலியா?”

பம்பை நின்றுவிட்டது. கடைசியில் அத்தை, குழந்தையைச் சமாதானம் செய்கிற மாதிரி, “வருவாம்மா. பஸ்ஸு லேட்டு போல,” என்கிறார்.

அத்தனை பேர் இருந்தார்கள். இதோ நிற்பதுதான் வசந்தி என்று ஒருவர் சொல்லியிருக்கலாம். எல்லோரிடமும் பேசினாள், முன்பின் தெரியாத பெண் வீட்டாருக்குக்கூட விபூதி பூசினாள். அந்த வீட்டில் அவளைப் பார்க்க முடியாமல் போனவள் நான் ஒருத்திதான்.

கேமரா அவள் பின்னாலேயே போகிறது. வாசற்படியில் உட்கார்ந்து தெருவைப் பார்க்கிறாள். ஆட்டோ சத்தம் கேட்டால் எழுந்து எட்டிப் பார்க்கிறாள், மறுபடி உட்காருகிறாள். பம்பைக்காரர் மெதுவாக, “நேரமாவுது தாயி, மலையேறணும்,” என்கிறார்.

“இரு,” என்கிறாள், திரும்பாமலே. “இன்னொரு பஸ்ஸு பாத்துட்டுப் போறேன்.”