படையலில் வைத்த மோர்ஃபின்

1. பெரிய டாக்டரின் நிபந்தனை

எங்கள் வலி கிளினிக் 1997இல் தொடங்கியது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். தவறு. 1997இல் வந்தது பெயர்ப்பலகை. மேசை 1998இல் வந்தது. மோர்ஃபின் சிரப் வந்தது அதற்கும் அடுத்த ஆண்டு. அதுவரை, பதுளையில் இருந்த அந்தச் சிறிய தரும ஆஸ்பத்திரியின் பார்மசிஸ்டான நான், புற்றுநோய் வலியோடு வந்தவர்களுக்குப் பரசிட்டமோலும் ஆறுதலும் கொடுத்துவந்தேன். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் வேலை செய்தன.

மோர்ஃபின் வந்ததும் அதை வீட்டுக்குக் கொடுத்தனுப்ப அனுமதி கேட்டேன். பெரிய டாக்டர் யாழ்ப்பாணத்தவர், என்னைப் போல. நல்ல மனிதர். ஆனால் அவருடைய கற்பனையில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள் எல்லாம் இருபத்துநான்கு மணிநேரமும் திறந்திருக்கும் சாராயக் கடைகள்.

“ஐசே, லயத்துக்கு மோர்ஃபின் போத்தல் அனுப்பப் போறீரோ? ஆள் செத்தாப்பிறகு மிச்சத்தை ஆர் குடிக்கிறது?”

“ஒருத்தரும் குடிக்க மாட்டினம், சேர். மிச்சம் திரும்பி வரும். அளந்து, உங்கட கண்ணுக்கு முன்னாலயே அழிக்கிறன்.”

“ஒரு போத்தல் பிசகினாலும் அண்டைக்கே நிப்பாட்டுவன். வலிக்கிறவை வாட்டில வந்து படுக்கட்டும்.”

நமுனுகுலை மலையில் இருப்பவருக்கு ஆஸ்பத்திரி வாட்டில் படுப்பது என்றால், லயத்தில் தன் சொந்த அறையான காம்பராவில் கண்மூடக் கொடுத்துவைக்கவில்லை என்று பொருள். ஆகவே ஒப்புக்கொண்டேன்.

இளம் பார்மசிஸ்டுகளுக்காக அழிக்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன். திரும்பி வந்த சிரப்பைச் சாட்சிக்கு முன்னால் அளக்க வேண்டும். வடிகாலில் ஊற்றக் கூடாது. பதுளு ஓயா ஆற்றுக்கு யாரும் மோர்ஃபின் எழுதிக்கொடுக்கவில்லை. நாங்கள் குடித்து முடித்த தேயிலைச் சக்கையையும் மரத்தூளையும் சவர்க்காரத் தண்ணீரையும் போட்டுப் பிசைவோம். எந்தக் குடிகாரனும் முகர்ந்துவிட்டு மனம் திருந்தும் பதத்துக்கு வந்ததும் தகர டின்னில் அடைத்து எரியுலைக்கு அனுப்புவோம். இரண்டு பேர் கையெழுத்து வைப்போம். என் கல்யாணப் பதிவு இதைவிடச் சுருக்கமாக முடிந்தது.

2. ஆளு பழையபடி ஆயிட்டாரு

வீட்டுக்கு மோர்ஃபின் வாங்கிய நோயாளிகளில் பெரியண்ணன் என்பவர் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டியவர். வாயில் புற்று. வலி இருந்தபோது சாமிகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லித் திட்டினார். மருந்து பிடித்த பின் சாமிகளை விட்டுவிட்டுத் தோட்டத்துத் துரையைத் திட்டத் தொடங்கினார். “ஆளு பழையபடி ஆயிட்டாருங்க” என்று மனைவி காளியம்மா மகிழ்ச்சியோடு சொன்னார்.

அவர் இறந்த செய்தியைத் தோட்டத்து மருந்தகத்தைப் பார்க்கும் டிஸ்பென்சர் தொலைபேசியில் சொன்னார்.

“நிம்மதியாப் போயிட்டாருங்க. போத்தல்ல மிச்சம் அறுபது மில்லி. நானே அளந்து பாத்தேன்.”

“போத்தல் இப்ப எங்க?”

“அந்தம்மாகிட்டதான். கருமாதி முடிஞ்சதும் தர்றேங்குது. படையல்ல வைக்கணுமாம். கடைசியில அவருக்குப் புடிச்சது அது ஒண்ணுதானேங்க?”

நான் சிரித்துவிட்டேன். பெட்டியில் வைத்துப் புதைக்காமல் விட்டார்களே, படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுத் தரட்டும் என்று சொன்னேன்.

கருமாதியன்று காலையில் முகம் மழித்துக்கொண்டிருந்தபோதுதான் அடுத்த கேள்வி தோன்றியது. படையலில் வைத்தது பிறகு எங்கே போகிறது? தோட்டத்துக் கருமாதிகளுக்கு நானும் போயிருக்கிறேன். பலகாரம் பிள்ளைகளுக்கு. சுருட்டு கிழவர்களுக்கு. கிளாசில் ஊற்றி வைத்ததை இறந்தவரின் மச்சினன் குடிப்பார். கத்தியைப் போட்டுவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினேன்.

3. சாத்திய கதவு

லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது காம்பராக் கதவு சாத்தியிருந்தது. படையலை வைத்தபின் இறந்தவர் வந்து தனியாகச் சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் காத்திருப்பது வழக்கம். டிஸ்பென்சரும் அங்கே இருந்தார். வாசலை மறித்துக் காளியம்மாவின் தம்பி ராசு உட்கார்ந்திருந்தான்.

“வாங்க மருந்தய்யா. ஒரு கன்னத்துல மட்டும் தாடி வச்சிருக்கீங்களே, எங்க மச்சானுக்கு அரைத் துக்கந்தானா?”

“தம்பி, அந்த மருந்தை ஆரும் குடிக்கப் போயினமோ?”

“யாரும் ஏங்க குடிக்கணும்? நான்தான் குடிப்பேன். படையல் கிளாசு மச்சினனுக்கு. அது எங்க மொற.”

“சாராயத்தைக் குடியுங்கோ. இதைக் குடிச்சா மூச்சு நிண்டுபோகும்.”

“அவரு மாசக்கணக்கா குடிச்சாரே. நிக்கலியே?”

“அவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டினது. அவற்ற உடம்பு பழகினது. உங்களுக்கு முதல் கிளாசே கடைசிக் கிளாஸ்.”

“சாராயத்தையும் அப்படித்தானுங்க பழகுனோம்.”

இஸ்தோப்பு முழுவதும் சிரித்தது. ராசு சிரிக்கவில்லை. “மச்சான் எச்சியக் குடிக்கப் பயந்துட்டான்னு நாளைக்கு வேலைக்குப் பேர் குடுக்குற பெரட்டுக் களத்துல சொல்லுவானுங்க. அப்புறம் நான் எப்படி அங்க போயி நிக்கிறது?”

காளியம்மாவிடம் கேட்டேன். “மொற அவனோடதுங்க. நான் என்னத்தச் சொல்ல?” என்றார். பிறகு, “குடுத்தா நீங்க அத என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டார்.

“எரிப்பம், அம்மா.”

“பாத்தியாக்கா,” என்றான் ராசு. “மச்சானப் பொதச்சோம். மருந்துக்கு மட்டும் தகனமாம்.”

கதவைத் திறந்தார்கள். இலை, கருவாட்டுக் குழம்பு, சுருட்டு, இரண்டு கிளாஸ்கள். ஒன்றில் சாராயம், மற்றதில் போத்தல் மிச்சம் முழுவதும். ராசு கையை நீட்டினான். நான் முந்திக்கொண்டு கிளாஸைப் பிடித்தேன்.

“அளக்காமல் குடிக்கேலாது. சட்டம்.”

அப்படி ஒரு சட்டம் உலகத்தில் எங்கும் இல்லை. ஆனால் என் பையில் அளவைக் குழாய் இருந்தது. கண்ணாடிக் குழாயைக் கண்டால் எந்தக் கூட்டமும் அமைதியாகிவிடும். கிளாஸில் இருந்ததையும் போத்தலின் அடியில் கிடந்ததையும் ஊற்றி வெளிச்சத்துக்குப் பிடித்தேன்.

“முதல்ல எவ்வளவுங்க இருந்துச்சு?” என்றார் காளியம்மா.

“அறுபது,” என்றார் டிஸ்பென்சர்.

“இப்ப?”

“அம்பத்தேழு,” என்றேன்.

சீனிப்பாகு கண்ணாடியில் ஒட்டும். பாத்திரம் மாற்றினால் இரண்டு மூன்று மில்லி குறையும். முதல் வருடப் பாடம் அது. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். டிஸ்பென்சர் என் காலை மிதித்தார்.

“குடிச்சிருக்காருடா!” காளியம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அழுது முடித்துத் தம்பியைப் பார்த்தார். “மூணு மில்லி. அவ்வளவுதான் தேவப்பட்டிருக்கு. வலி போயிருச்சு, போதும்னு வச்சிட்டுப் போயிருக்காரு. அவரு போதும்னு வச்சத நீ எதுக்குடா குடிக்கணும்? ஒனக்கு என்ன வலிக்குது?”

ராசு படத்தைப் பார்த்தான், கிளாஸைப் பார்த்தான்.

“கிளாசப் பாத்து மச்சான் போதும்னு சொன்னது இதான்க்கா மொதத் தடவ,” என்றான். முறை கெடாமல் சாராயக் கிளாஸை எடுத்துக்கொண்டான்.

4. மூன்று மில்லிக்குக் கணக்கு

மறுநாள், டிஸ்பென்சர் சொன்ன அறுபதை எழுதியிருந்த பதிவேட்டோடு பெரிய டாக்டர் முன்னால் போத்தலை வைத்தேன்.

“மூண்டு மில்லி எங்க?”

“நோயாளி குடிச்சிட்டார், சேர்.”

“எப்ப?”

“கருமாதி அண்டைக்கு.”

கண்ணாடியைக் கழற்றினார். நடந்ததை எல்லாம் சொன்னேன். தேயிலைச் சக்கையை அவரே தன் கையால் போட்டுப் பிசைந்தார். ‘பாத்திரத்தில் ஒட்டியது’ என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். வீட்டுக்கு மருந்து கொடுப்பதை அவர் நிறுத்தவில்லை. “இனி ஆள் போன கையோட நீர் போகவேணும். ஒப்பாரி முடியமுதல் போத்தல் இஞ்ச வரவேணும்,” என்று மட்டும் சொன்னார்.

நான் கற்றுக்கொண்டதை எழுதிவிடுகிறேன். ‘மிச்சத்தைத் திருப்பித் தாருங்கள்’ என்று சொல்வது போதாது. இறந்தவருடைய பொருளை அந்த வீட்டில் என்ன செய்வார்கள், அதில் யாருக்கு உரிமை என்பதை முதற் போத்தலைக் கொடுக்கும்போதே கேட்டு வையுங்கள். பிறகு யாரும் கூப்பிடாமலே சாவு வீட்டுக்குப் போங்கள்.

நான் அப்படித்தான் 2008இல் ஓய்வு பெறும்வரை போய்க்கொண்டிருந்தேன். ஒருமுறை பூனாகலைப் பக்கம் ஒரு லயத்தில் தண்ணீர் வாங்கிக் குடிக்கலாம் என்று நின்றேன். மலைத் தண்ணீர் விழும் பீலியில் குடம் பிடித்துக்கொண்டிருந்த அம்மா என்னைக் கண்டதும் காம்பராவுக்குள் இருந்த புருஷனுக்குக் கேட்கும்படி கத்தினார்:

“ஏங்க, மருந்தய்யா வந்திருக்காரு. நீங்க நல்லாத்தானே இருக்கீங்க?”