ஆறு மணிக்கு வைக்கலாமா

என் தம்பி டெரிக்கின் கண்ணில் எந்தக் கோளாறும் இல்லை. நாலு கண் டாக்டர்கள் பார்த்துவிட்டு இதையேதான் சொன்னார்கள். ஆனால் வெயிலில் நிறுத்தினால் பத்து நிமிடத்தில் வாந்தி எடுப்பான். அப்புறம் இரண்டு மணி நேரத்துக்குப் பேச்சு வராது. பள்ளிக்கூடத்துக் காலை அசெம்பிளியில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நிற்பான். ஜெபம் சொல்லும் ஐந்து நிமிடம் எல்லோரும் கண்ணை மூடுவதால் அதுவரை நல்ல பிள்ளை, ஜெபம் முடிந்ததும் திமிர் பிடித்தவன் என்று அடி வாங்குவான்.

அவனுக்கு ஆட்டிசம் என்று அடையாறில் ஒரு மருத்துவர் சொன்னபோது அவனுக்கு வயது முப்பது. வெளிச்சத்தை நம் மூளை அளவாகக் குறைத்து வாங்கிக்கொள்கிறது, அவனுடையது அப்படியே வாங்குகிறது என்று விளக்கினார். அம்மாவுக்கு அதில் புதிதாக ஒன்றும் இல்லை. ஒன்பது வயதிலேயே அவன் அவளிடம், "வெயில் கண்ணுக்குள்ள கத்துதும்மா" என்று சொல்லியிருந்தான். பக்கத்தில் இருந்த நான் சிரித்தேன்.

அம்மாவை டெல்பின் டீச்சர் என்றால் மந்தைவெளியில் பாதிப் பேருக்குத் தெரியும். யாரும் விளக்கும்வரை அவள் காத்திருக்கவில்லை. அவன் அறைக்குக் கரும்பச்சைத் திரை தைத்துப் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்னால் நடக்கும் முதல் பூசைக்கு அவனைக் கூட்டிப்போனாள். கறுப்புக் கண்ணாடியும் முன்பக்கம் நீண்ட தொப்பியும் வாங்கிக் கொடுத்தாள். வெளியே கிளம்பினால் அவள் கையில் ஒரு கறுப்புக் குடை இருக்கும். என்னைவிட நாலு அங்குலம் உயரமான பிள்ளைக்கு இன்னும் குடை பிடிக்கிறாள் என்று நான் கேலி செய்வேன்.

டெரிக்குக்கு அடையாறில் ஒரு மருத்துவமனையில் வேலை. பழைய நோயாளிகளின் ஃபைல்களை அடுக்கி, கேட்கும்போது எடுத்துக் கொடுக்க வேண்டும். தரைக்குக் கீழே ஜன்னலே இல்லாத அறை. மற்றவர்கள் தண்டனை என்று நினைக்கிற இடத்தில் அவன் பதிமூன்று வருடமாகச் சந்தோஷமாக இருக்கிறான். பஸ்ஸில் காலையில் தெற்கே போகும்போது வெயில் இடப்பக்கம் பெண்கள் சீட்டில் விழும். மாலையில் வடக்கே திரும்பும்போதும் இடப்பக்கமேதான். ஆண்கள் பக்கம் இரண்டு வேளையும் நிழல். இதை அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நானோ கணக்கு டீச்சர், அதே பஸ்ஸில் இருபது வருடம் வெயிலில் வெந்துகொண்டு போனவள்.

எனக்கு வாய் நீளம், பொறுமை கட்டை. அதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் மேலே சொல்லப்போவதெல்லாம் அதனால் வந்தது.

போன மே மாதம், கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு விடியற்காலையில் அம்மா இறந்துபோனாள். மாரடைப்பு. வேளச்சேரியிலிருந்து நான் வந்து சேர்வதற்குள் அம்மாவின் அக்கா ஐவி பெரியம்மா எல்லாப் பொறுப்பையும் கையில் எடுத்திருந்தாள். அடக்கம் மாலை நாலு மணிக்கு என்று சொந்தபந்தம் எல்லோருக்கும் தகவல் போய்க்கொண்டிருந்தது. டெரிக் அவன் அறையிலிருந்து வந்து என் பக்கத்தில் நின்றான்.

"அக்கா, ஆறு மணிக்கு வைக்கலாமா?" என்றான்.

வீடு நிறைய அழுகை. அவன் கேட்டது வேறு யார் காதிலும் விழவில்லை. என் காதில் விழுந்தது.

"ஆறு மணிக்குக் கல்லறைத் தோட்டத்தை மூடிடுவாங்கடா. இன்னிக்காவது உன் வசதியப் பாக்காம இரு" என்றேன்.

அவன் திரும்பக் கேட்கவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் குழிக்குப் பக்கத்தில் பெட்டியை இறக்கி வைத்து, கடைசியாக முகம் பார்க்கிறவர்கள் பார்க்கலாம் என்று மூடியைத் திறந்தார்கள். தலைக்கு மேல் ஒரு மரம் இல்லை. டெரிக் கறுப்புக் கண்ணாடியும் தொப்பியுமாக நின்றான். ஐவி பெரியம்மா என் காதோரம் வந்து, எல்லாரும் பார்க்கிறார்கள், வீடியோ வேறு எடுக்கிறார்கள், பெத்தவளைப் பார்க்க ஸ்டைலாகக் கண்ணாடி போட்டுக்கொண்டா நிற்பது என்றாள். எனக்கு அவமானமாக இருந்தது. தொப்பியைக் கழற்றி, கண்ணாடியை அவன் முகத்திலிருந்து உருவி என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அம்மாவுக்கு முன்னாலாவது ஒழுங்காக நில் என்றேன்.

அவன் கண்ணை மூடிக்கொண்டான். பெட்டியின் மூடியைச் சாத்தும்வரை திறக்கவில்லை. மண் போடச் சொன்னபோதும் மூடிய கண்ணோடு ஒரு பிடி போட்டான். அது குழிக்குள் விழாமல் விளிம்பிலேயே விழுந்தது. அம்மாவிடம்கூட வீம்பா என்று மனதுக்குள் அவனைத் திட்டினேன்.

முப்பதாம் நாள் பூசைக்கு நினைவு அட்டை அடிக்க வேண்டும். போட்டோ தேர்ந்தெடுக்க மந்தைவெளி வீட்டுக்குப் போனேன். டெரிக் திரையை இழுத்துவிட்டு, லேப்டாப் வெளிச்சத்தைக் குறைத்து வைத்து அடக்க வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெட்டி திறக்கும் இடம் வந்தால் நிறுத்துகிறான், கொஞ்ச நேரம் பார்க்கிறான், திரும்பவும் முதலிலிருந்து போடுகிறான். எத்தனை தடவைதான் அதையே பார்ப்பாய், மனசு கெட்டுப்போகாதா என்று அதட்டினேன்.

"நான் அன்னிக்கு அம்மா முகத்தப் பாக்கலக்கா. வீடியோக்காரர் பாத்திருக்கார். அதான் பாக்கறேன்" என்றான்.

சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அப்புறம் வந்து, நான் செய்தது தப்புடா, மன்னிச்சிடு என்றேன். "சரி" என்றான். அவன் சரி என்றால் சரிதான், அதற்குள் வேறெதுவும் ஒளிந்திருக்காது. எனக்குத்தான் அது போதவில்லை. நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள் வரும். அன்று அம்மாவின் கல்லறை முன்னால் எல்லோரோடும் அவன் கண்ணைத் திறந்துகொண்டு நிற்க வேண்டும். அதை நடத்திக் காட்டினால் ஒழிய எனக்குத் தூக்கம் வராது என்று ஆகிவிட்டது.

கல்லறைத் திருநாளுக்கு முந்திய வாரம் எல்லாக் கல்லறைக்கும் வெள்ளை அடிப்பார்கள். வெயிலில் அந்த வெள்ளை எனக்கே கண் கூசும். தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் நல்லசிவம்தான் வெள்ளையும் அடிக்கிறவர். அவரிடம் போய் எங்கள் அம்மாவுக்கு மட்டும் கருஞ்சாம்பல் நிறம் அடிக்க வேண்டும் என்றேன். வெள்ளை அடித்தால்தானே கேட்க ஆள் இருக்கிறது என்று தெரியும் என்று அவர் தயங்கினார். தம்பிக்காக என்று காரணத்தைச் சொன்னேன்.

"தொப்பி போட்டுகினு உயரமா ஒருத்தர் வருவாரே, அவரா? அவர் மழை பேஞ்சா வருவாரும்மா. கொடை புடிச்சிகினு நிப்பாரு, வெயில் வந்தா பூடுவாரு" என்றார்.

எனக்கு இது தெரியாது. அவன் அங்கே எட்டிப்பார்ப்பதே இல்லை என்று ஐவி பெரியம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள், நானும் நம்பியிருந்தேன்.

கல்லறைத் திருநாள் அன்று மழை இல்லை. மூன்று நாள் மழை விட்டு, கழுவிவிட்டதுபோல் வெயில் அடித்தது. நாலு மணிக்கு ஃபாதர் வந்து கல்லறைகளை மந்திரிப்பார், நீ வந்தே ஆக வேண்டும், உனக்காகவே பெயின்ட் மாற்றியிருக்கிறேன் என்று டெரிக்கிடம் முதல் நாளே சொல்லியிருந்தேன். அஞ்சே முக்காலுக்கு வருகிறேன் என்றான். நாலு மணி, நாலு மணி என்று இரண்டு தடவை அழுத்திச் சொல்லிவிட்டு போனை வைத்தேன்.

வரிசை வரிசையாக வெள்ளை, நடுவில் எங்கள் அம்மா மட்டும் கறுத்துக் கிடந்தாள். பாத்ரூம் சுவருக்கு அடிக்கிற கலரை என் தங்கச்சிக்கு அடித்திருக்கிறாயே என்று ஐவி பெரியம்மா முகத்தைச் சுளித்தாள். ஃபாதர் வந்தார், தீர்த்தம் தெளித்தார், அடுத்த கல்லறைக்குப் போனார். டெரிக் வரவில்லை. போன் எடுக்கவில்லை. பார்த்தாயா அவன் பாசத்தை என்றாள் பெரியம்மா. ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். நான் மட்டும் இருந்தேன். ஜெபம் செய்ய இல்லை. அவன் வந்தால் நன்றாக நாலு வார்த்தை கேட்பதற்காக இருந்தேன்.

சொன்னபடி அஞ்சே முக்காலுக்கு வந்தான். சூரியன் கட்டடங்களுக்குப் பின்னால் இறங்கிவிட்டிருந்தது. கையில் அம்மாவின் குடை, மடித்தபடி. அதே சமயம் நல்லசிவம் பூட்டும் சாவியுமாக வாசல் பக்கம் போவதைப் பார்த்தேன். கேட்க வைத்திருந்த நாலு வார்த்தையும் மறந்துபோய் அவரிடம் ஓடினேன். ஒரு பத்து நிமிடம் மட்டும் பூட்டாமல் இருங்கள் என்று கெஞ்சினேன்.

"பத்து நிமிசம் இன்னாம்மா, நிக்கட்டும். சொன்னா தொறந்து வெக்க மாட்டனா? அம்மாவ கொண்டாந்த அன்னிக்கே ஏழு மணின்னு சொல்லியிருந்தாலும் தொறந்து வெச்சிருப்பேன்" என்றார்.

நான் திரும்பி வந்தேன். டெரிக் தானாகவே கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்திருந்தான். கல்லில் பதித்திருந்த அம்மாவின் போட்டோவைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான். சுற்றிலும் மெழுகுவர்த்திகள் எரிந்தன, அது அவனுக்குத் தொந்தரவாக இல்லை. கலர் பரவாயில்லை, மழையில் அழுக்குத் தெரியாது என்றான். குனிந்து ஒரு பிடி ஈர மண் எடுத்துக் கல்லறையின் கால்மாட்டில், சரியாக நடுவில் வைத்தான்.

நல்லசிவம் சொன்னதை அவனிடம் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. அன்னிக்கு ஆறு மணிக்கே வெச்சிருக்கலாம்டா, கேட்டிருந்தா தொறந்து வெச்சிருப்பாராம் என்றேன்.

டெரிக் என் பக்கம் திரும்பினான். முகத்தில் கோபம் இல்லை.

"நான் கேட்டேனேக்கா" என்றான்.